லீவர் அசைய மறுத்தால்... (துப்பாக்கிச் சுடுதல்: வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பல, பிஸ்டலின் இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும், பின்னால் போன ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்ன லீவரைப் பற்றியே பேசுகின்றன. ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல்பகுதியில் முன்பின் ஓடும் உறை. உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும்தான் இந்தப் பக்கம். கீழே சொல்லும் எந்த வேலையும் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகே தொடங்கும். தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. ஒவ்வொரு பதிலிலும் இதைத் திருப்பிச் சொல்லவில்லை, சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமம் கிடைத்து, போன மாதம்தான் புதிய 9 மி.மீ. பிஸ்டல் கைக்கு வந்தது. ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு, விடுவிக்க லீவரை அழுத்தினால் இம்மியும் அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தியதில் விரல்தான் சிவந்தது. கிளப்பில் இரவலாகச் சுட்ட பழைய பிஸ்டலிலோ லேசாகத் தட்டினால் போதும். தயாரிப்புக் கோளாறா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: அவசரப்படாதீர்கள். அழுத்தும்போது காலி மேகசின் உள்ளே இருந்ததா? இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு ஏன் பின்னாலேயே நிற்கிறது? மேகசினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டுக்கு ஃபாலோயர் என்று பெயர். தோட்டா தீர்ந்ததும் அது மேலே வந்து, லீவரின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைத் தூக்குகிறது. எழும்பிய லீவர், ஸ்லைடின் அடிவிளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் உட்காருகிறது. காலி மேகசின் உள்ளே இருக்கும்வரை அதன் ஸ்பிரிங் லீவரை மேலே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் கீழே அழுத்த, அது மேலே தள்ள, நடுவில் விரல் சிவக்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். மேகசின் காலி என்று காட்டத்தான் ஸ்லைடு அப்படி நிற்கிறது. காலி மேகசினோடு அது சுலபமாக மூடிக்கொண்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

மேகசின் இல்லாமலும் இறுக்கமாக இருக்கிறதா? முழு அளவு 9 மி.மீ. பிஸ்டலில் ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் பொதுவாக 15 முதல் 18 பவுண்டு விசை கொண்டது, கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 7 முதல் 8. ஸ்லைடு பின்னால் நிற்கும்போது அத்தனை பாரமும் லீவரின் சில மில்லிமீட்டர் அகல முனையில் சாய்கிறது. எண்ணெய் படாத எஃகும் எஃகும் உரசினால் உராய்வு, சாயும் பாரத்தில் பாதிக்கும் மேல். உராய்வுக் குணகம் (பாரத்தில் எத்தனை பங்கு உராய்வு என்ற கணக்கு) சுமார் 0.6. நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் 0.15 அளவுக்கு இறங்கிவிடும். 8 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், உலர்ந்திருக்கும்போது கிட்டத்தட்ட 5 கிலோ, எண்ணெய் இருக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இது காகிதக் கணக்குதான். பள்ளத்தின் சாய்வும் லீவரின் நீளமும் இதை மாற்றும். ஆனாலும் ஒரு சொட்டு எண்ணெய் எவ்வளவு வேலை செய்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

பள்ளத்தின் சாய்வையும் கவனிக்க வேண்டும். சில பிஸ்டல்களில் லீவர் முட்டி நிற்கும் சுவர் நேர்க்குத்தாக இருக்காது, லேசாகச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். லீவர் இறங்க வேண்டுமானால் முதலில் ஸ்லைடை ஒரு மயிரிழை பின்னால் தள்ளியாக வேண்டும், அதுவும் ஸ்பிரிங்கை எதிர்த்து. துப்பாக்கி எங்காவது இடிபட்டால் ஸ்லைடு தானாக விழுந்துவிடாமல் இருக்க இது உதவும். இப்படிப்பட்ட துப்பாக்கியில் லீவர் பிடிப்பதற்குத்தான், விடுவிப்பது அதற்கு இரண்டாம் வேலை. வால்தர் பிபிகே என்ற பிஸ்டலில் வெளியே லீவரே கிடையாது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு நிற்கும், விடுவிக்க இழுத்துத்தான் விட வேண்டும். சில கையேடுகள் இந்த உறுப்பை ‘ஸ்லைடு ஸ்டாப்’ என்றும் சில ‘ஸ்லைடு ரிலீஸ்’ என்றும் எழுதுகின்றன. உங்கள் கையேடு எந்தப் பெயர் சொல்கிறது என்று பாருங்கள், தயாரிப்பாளரின் எண்ணம் புரியும்.

கிளப்பின் பழைய பிஸ்டலோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அது ஆயிரக்கணக்கில் சுட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். உங்களுடையதில் விளிம்பு கூர்மை, மேற்பூச்சு சொரசொரப்பு, ஸ்பிரிங் புத்தம் புதிது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். கையேட்டில் உள்ளபடி பிரித்து, தொழிற்சாலையில் பூசிய துருக்காப்புப் பசையைத் துடையுங்கள். அது உயவெண்ணெய் அல்ல, கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. ஒரு விதிவிலக்கு: புதிய குளோக் பிஸ்டலில் ஸ்லைடின் உள்ளே செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். ஆரம்பகால உயவுக்காகவே அது வைக்கப்பட்டது, துடைக்க வேண்டாம் என்று கையேடே சொல்கிறது. பிறகு ஒரு பல்குத்தும் குச்சியின் முனையில் துப்பாக்கி எண்ணெய் தொட்டு, ஸ்லைடின் பள்ளத்துக்குள்ளும் லீவரின் மேல்முனையிலும் அது சுழலும் இடத்திலும் தடவுங்கள். குச்சி நுனியில் நிற்கும் அளவு போதும். ஸ்லைடின் தண்டவாளங்களுக்கு ஒவ்வொரு சொட்டு. தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் எண்ணெய் விடவே கூடாது. அங்கே தூசியும் கரியும் குழம்பாகிப் பின்னின் வேகம் குறையும், பிறகு தோட்டா வெடிக்காமல் நிற்கும்.

பூட்டி வைக்கும் பெட்டியிலேயே ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, மேகசின் இல்லாமல், இரண்டு மூன்று நாள் விடுங்கள். புதிய ஸ்பிரிங் முதல் அமுக்கத்தில் கொஞ்சம் தளர்ந்து தன் நிலைக்கு வரும். பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மிச்சத்தைச் சுடுதளம் பார்த்துக்கொள்ளும். 200 முதல் 500 தோட்டா வரை சுட்டுப் பழக்குவது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அதுவரை ஸ்லைடை எப்படி மூடுவது? வலக்கைக்காரர் என்றால், துப்பாக்கி முனை இலக்கை நோக்கி இருக்க, விரல் சுடும் விசையை (டிரிகரை) விட்டு விலகி, ஸ்லைடுக்குக் கீழுள்ள உடலான ஃபிரேமின் மேல் நீட்டி இருக்க, இடக்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, பின்பக்கக் கோடுகளை நான்கு விரலாலும் உள்ளங்கையின் அடிமேட்டாலும் பிடியுங்கள். முழுவதுமாகப் பின்னால் இழுத்ததும் லீவர் தானே இறங்கும். இறங்கியதும் கையைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். பலர் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். ஸ்லைடைப் பிடித்தபடியே முன்னால் கொண்டுபோய் விடுகிறார்கள். வேகம் இல்லாததால் தோட்டா சேம்பரில் முழுதாக உட்காராது, ஸ்லைடு ஒரு நூல் திறந்தே நிற்கும். பிறகு “துப்பாக்கி சரியில்லை” என்று கடிதம் வரும். பூட்டி நிற்கும் இடத்துக்கும் கடைசி எல்லைக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் உண்டு. இழுத்து விடும்போது ஸ்பிரிங் அந்தத் தூரமும் சேர்த்து அமுங்குவதால் ஸ்லைடு இன்னும் வலுவாக மூடும். எல்லாத் தயாரிப்பாளரும் இதையே சொல்வதில்லை. காஹ்ர் நிறுவனத்தின் சிறு பிஸ்டல்களின் கையேடு, முதல் தோட்டாவை ஏற்ற லீவரையே அழுத்தச் சொல்கிறது. உங்கள் கையேட்டை மீறி எங்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கடைக்கு எடுத்துப்போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. ஸ்லைடைக் கழற்றிவிட்டு லீவரை விரலால் மேலே தூக்கி விடுங்கள். சட்டென்று கீழே விழ வேண்டும். மெதுவாக இறங்கினாலோ நடுவில் நின்றாலோ அதன் ஸ்பிரிங் தப்பாக மாட்டியிருக்கிறது, அல்லது லீவர் வளைந்து ஃபிரேமில் உரசுகிறது. பள்ளத்தின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலும், 300 தோட்டாவுக்குப் பிறகும் எண்ணெயோடு, மேகசின் இல்லாமல், இரு கட்டைவிரலுக்கும் அசையாவிட்டாலும் விற்ற கடைதான் பொறுப்பு.

கேள்வி: எனக்குக் கை சிறியது. லீவர் கிடக்கட்டும், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுவதே போராட்டமாக இருக்கிறது. இழுத்துக்கொண்டே லீவரை மேலே தள்ள மூன்றாவது கை வேண்டும் போல. கணவர் “பலம் போதாது” என்கிறார். (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: சகோதரி, இதில் பலத்தைவிடப் பிடிக்கும் முறைக்குத்தான் வேலை அதிகம். உங்கள் கணவர் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுக்கிறாரா என்று பாருங்கள். பல ஆண்கள் அப்படித்தான் செய்கிறார்கள், பலத்தால் சமாளித்துவிடுகிறார்கள்.

துப்பாக்கியை நீட்டிய கையோடு வைக்காமல் மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இடக்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து முழுப்பிடியாகப் பிடியுங்கள். அந்தக் கை இழுக்கத் தேவையில்லை, அசையாமல் பிடித்தால் போதும். வலக்கையால் துப்பாக்கியின் பிடியை முன்னால் குத்துவது போலத் தள்ளுங்கள். இழுப்பது முன்கையும் விரலும். தள்ளுவதில் தோளும் மார்பும் சேர்கின்றன. வித்தியாசம் முதல் முறையிலேயே தெரியும். ஒரே ஆபத்து, இப்படிச் செய்யும்போது முனை இடப்பக்கம் திரும்பி, பக்கத்துத் தடத்தில் நிற்பவரைப் பார்க்கும். உடலை வலப்பக்கம் திருப்பி நின்றுகொண்டால் முனை நேராக இலக்கையே பார்க்கும்.

மூன்றாவது கைக்கும் வழி உண்டு. காலி மேகசினைச் செருகிவிட்டு இழுங்கள். மேலே சொன்ன ஃபாலோயரே லீவரைத் தூக்கிப் பூட்டிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் சுத்தியல் (ஃபயரிங் பின்னை அடிக்கும் உறுப்பு) உள்ள பிஸ்டல் என்றால் முதலில் அதைப் பின்னால் மடக்கிவிட்டு இழுங்கள். சுத்தியல் முன்னால் கிடந்தால், ஸ்லைடு தன் ஸ்பிரிங்கோடு சுத்தியலின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

இன்னும் பிஸ்டல் வாங்கவில்லை என்றால், கை சிறியது என்பதற்காகச் சின்னதை வாங்கிவிடாதீர்கள். கடைக்காரர் அதைத்தான் காட்டுவார். தோட்டா அதே 9 மி.மீ., ஸ்லைடோ எடை குறைவு, ஓடும் தூரமும் குறைவு. அதன் வேகத்தை அடக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைக்கிறார்கள், லீவரோ பட்டாணி அளவு. முழு அளவுப் பிஸ்டலில் இழுப்பதும் சுடுவதும் உங்களுக்குச் சுலபம்.

கேள்வி: கடைசித் தோட்டாவுக்குப் பிறகு சில நாள் ஸ்லைடு பின்னால் நிற்பதே இல்லை. சில நாள் மேகசினில் இரண்டு மூன்று தோட்டா இருக்கும்போதே நின்றுவிடுகிறது. ஒரே துப்பாக்கியில் இரண்டு எதிரெதிர் வியாதியா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இரண்டுக்கும் காரணம் அநேகமாக உங்கள் வலக்கைக் கட்டைவிரல். விரல் லீவரின் மேல் படுத்திருந்தால் அது எழும்ப முடியாது, ஸ்லைடு நிற்காது. விரல் லீவருக்கு அடியில் இருந்தால், ஒவ்வொரு உதைப்பிலும் அதை மேலே இடிக்கும். எந்தத் தோட்டாவிலும் பூட்டிக்கொள்ளலாம். லீவரைப் பெரிதாக நீட்டிய மாடல்களில் இது அதிகம்.

சோதிக்க நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அதே தோட்டா, அதே மேகசின், சுடச் சொல்லுங்கள். அவர் கையில் ஒழுங்காக நின்றால் விவாதம் முடிந்தது. உங்கள் இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டி, ஃபிரேமை விட்டுச் சற்று விலக்கிப் பிடிக்கப் பழகுங்கள். அவரிடமும் நிற்கவில்லை என்றால் மேகசின்களுக்கு எண் எழுதி ஒட்டுங்கள். ஒரே எண்ணில் மட்டும் தவறினால் அந்த மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஃபாலோயரின் முனை தேய்ந்திருக்கும். எல்லா மேகசினிலும் தவறினால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். மருந்து குறைந்த தோட்டா ஸ்லைடைக் கடைசி எல்லைவரை தள்ளாது. பள்ளம் லீவருக்கு நேராக வருவதற்கு முன்பே ஸ்லைடு திரும்பிவிடும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் இதே விளைவுதான்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். லீவரோ இடப்பக்கம். எனக்கு என்ன வழி? (வாசகர், செராஸ்)

பதில்: உங்கள் இடக்கைச் சுட்டுவிரலே எட்டும். விசையிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோய் லீவரை அழுத்தலாம், விரல் விசைக்கு வெளியே இருப்பதும் உறுதியாகும். எட்டாவிட்டால் இழுத்து விடும் முறை இரு கைக்கும் ஒன்றுதான். புதிதாக வாங்கினால் இருபுறமும் லீவர் உள்ளதாகப் பாருங்கள். 2017இல் வந்த குளோக் ஐந்தாம் தலைமுறையில் அது உண்டு.

கேள்வி: எனக்குத் தெரிந்தவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். லீவரின் முனையை அரை மில்லிமீட்டர் அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்கிறார். இல்லாவிட்டால் நீளமான லீவர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. எது நல்லது? (வாசகர், பிறை)

பதில்: இரண்டுமே வேண்டாம். இரண்டாவது யோசனைதான் முதலாவதைவிட மோசம்.

அரத்தை முதலில் பார்ப்போம். பல பிஸ்டல்களில் லீவர் முனையிலும் பள்ளத்திலும் மெல்லிய மேற்பரப்பு மட்டும்தான் வெப்பத்தில் கெட்டிப்படுத்தியது. அரம் அதைச் சுரண்டிவிட்டால் அடியில் மெத்தான இரும்பு. அது வேகமாகத் தேயும், முனை உருண்டையாகும். அதன்பிறகு லீவர் சுலபமாக இறங்கும், உங்கள் விருப்பத்தைக் கேட்காமலும் இறங்கும். சுத்தம் செய்யச் சேம்பருக்குள் விரல் விட்டிருக்கும்போது 8 கிலோ விசையோடு ஸ்லைடு விழுந்தால் நகம் தப்பாது. அரை மில்லிமீட்டர் என்பது இந்த இடத்தில் பெரிய அளவு. பர் எனும் நுண்ணிய சீவல் இருந்தால்கூட அதை எடுப்பது ஆயுதப் பழுதுக்கு உரிமம் பெற்றவரின் வேலை. லேத் பட்டறையில் உங்கள் துப்பாக்கி ஒரு மணி நேரம் கிடப்பதே சட்டச் சிக்கல்.

இணையத்தில் வாங்கும் லீவருக்கு வருவோம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கியின் உதிரி பாகமும் அடங்குகிறது. தபாலில் வரும் அந்தத் துண்டு இரும்பு, சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பு அல்ல. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. சுங்கத்துறை பொட்டலத்தைப் பிரித்த பிறகு “லீவர்தானே சார்” என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்ற கடை வழியாக, அதே தயாரிப்பாளரின் பாகமாக வாங்குங்கள். போட்டியில் கலந்துகொள்பவர் என்றால் உங்கள் பிரிவின் விதி நீட்டிய லீவரை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறைந்த மேகசினை வேகமாக அடித்துச் செருகினால் ஸ்லைடு தானாக மூடிக்கொள்கிறது. லீவர் பிரச்சினையே இல்லை! நண்பர்கள் கைதட்டுகிறார்கள். இது நல்லதா? (வாசகர், பெட்டாலிங் ஜெயா)

பதில்: கைதட்டல் நல்லதுதான். ஆனால் இதை நம்பக் கூடாது. அடியின் அதிர்ச்சியில் துப்பாக்கி மேலே எகிறும்போது லீவர் நழுவுகிறது, அவ்வளவுதான். தயாரிப்பாளர் இதற்காக எதையும் செய்து வைக்கவில்லை. பத்து முறை நடக்கும், பதினோராவது முறை நடக்காது. சில சமயம் மேகசின் முழுதாக ஏறுவதற்கு முன்பே ஸ்லைடு ஓடிவிடும். தோட்டா எடுக்காமல் காலிச் சேம்பரில் மூடும், நீங்களோ தோட்டா ஏறிவிட்டதென்று விசையை இழுப்பீர்கள். தானாக மூடினாலும் ஒரு முறை இழுத்து விட்டு உறுதி செய்யும் பழக்கம் வேண்டும். அடித்துச் செருகும் நேரத்தில் விசையின் பக்கம் விரல் போகவே கூடாது.

1911 எனும் பழைய மாடல் வகைப் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. போட்டிக்காக விசை மெருகிட்ட 1911இல் காலிச் சேம்பரின் மேல் ஸ்லைடைத் தடாலென்று விடாதீர்கள். தோட்டாவை உரித்து ஏற்றும்போது ஸ்லைடின் வேகம் மட்டுப்படுகிறது. காலியாக விழும்போது அந்த அடி முழுவதும் சுத்தியலும், அதைப் பிடித்து நிறுத்தும் சியர் எனும் உறுப்பும் கொக்கி போட்டிருக்கும் மெல்லிய விளிம்புக்குப் போகிறது. கையால் பிடித்து மெல்ல மூடுங்கள். ஆம், மேலே தோட்டா ஏற்றும்போது பிடிக்காதே என்றோம். காலியில் பிடி, தோட்டாவோடு விடு. இரண்டும் வேறு.

கேள்வி: வீட்டில் பயிற்சி செய்ய, ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி வாங்கலாமா? அசலைப் போலவே லீவரும் ஸ்லைடும் இருக்கிறதே. (மாணவர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: கூடாது, தம்பி. அசலைப் போல இருப்பதுதான் அதில் குற்றம். அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம் போலி ஆயுதத்தையும் விட்டுவைக்கவில்லை. கிளப்பில் பயிற்றுநர் முன்னிலையில், பொய்த் தோட்டா போட்டுப் பழகுங்கள். நிறைந்த மேகசின், காலி மேகசின், மேகசின் இல்லாமல் என்று மூன்று நிலையிலும் லீவரை அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

நீங்கள் 25 மீட்டர் பிரிவில் .22 (0.22 அங்குலச் சிறு தோட்டா) பிஸ்டல் சுடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஸ்பிரிங் மெல்லியது. லீவர் இறுகினால் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். .22 தோட்டாவின் ஈயத்தின் மேல் மெழுகு அல்லது கிரீஸ் பூசியிருப்பார்கள். அது கரியோடு சேர்ந்து லீவர் சுழலும் இடத்தில் பிசின் போலப் படியும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். பல .22களில் காலிச் சேம்பரில் விசை இழுக்கவும் கூடாது. ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் அடித்து அங்கே பள்ளம் விழும், பிறகு தோட்டா நுழையாது.

கேள்வி: துப்பாக்கி எண்ணெய் சின்ன புட்டியே விலை அதிகம். தையல் இயந்திர எண்ணெய், டபிள்யூ.டி.-40, தேங்காய் எண்ணெய் இவற்றில் எது பரவாயில்லை? கடற்கரைக்கு அருகில் இருப்பதால் துருவும் பிடிக்கிறது. (வாசகர், தஞ்சோங் பூங்கா)

பதில்: அவசரத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் பரவாயில்லை. சுத்தமான கனிம எண்ணெய்தான், சீக்கிரம் வழிந்துவிடும் என்பது ஒன்றே குறை. டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டவும் அழுக்கைக் கரைக்கவும் நல்லது. பெரும்பகுதி ஆவியாகி, மிஞ்சுவது மெல்லிய படலம். அதை அடித்துத் துடைத்துவிட்டு மேலே நல்ல எண்ணெய் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் மட்டும். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். குளிர்சாதனம் ஓடும் உள்ளரங்கச் சுடுதளத்தில் உங்கள் லீவர் நெய்யில் புதைந்த முந்திரி போலக் கிடக்கும். உறையாவிட்டாலும் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுபிசுக்கும்.

துருவுக்கு எண்ணெயைவிடப் பெட்டிதான் முக்கியம். கடையில் தந்த பஞ்சு வைத்த பெட்டி எடுத்துப்போவதற்கு மட்டும். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சித் துப்பாக்கியோடு ஒட்டி வைத்திருக்கும். தோல் உறையிலும் போட்டு வைக்காதீர்கள், தோல் பதனிட்ட உப்பு இரும்பைத் தின்னும். பூட்டும் இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்தால் ஐஸ் காச்சாங் கிண்ணம் போல இரும்பு வியர்க்கும். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறங்கள். தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். விரல்ரேகை பதிந்த இடத்தில்தான் முதல் துரு வரும், அதிலும் நீங்கள் ஓயாமல் அழுத்திப் பார்த்த அந்த லீவரில்தான்.